குச்சி, காந்தம், சோப்புக் குமிழி: மூன்று பிணைப்புக்கு மூன்று மாதிரிகள்

உப்புப் படிக மாதிரி ஒருவழியாக உடைந்துவிட்டது. உடைய வேண்டும் என்றுதான் செய்ததே. இதற்கு முந்தைய வடிவம் எப்படித் தட்டினாலும் வளைந்து கொடுத்ததே தவிர உடையவில்லை. உப்பு அப்படி நடந்துகொள்ளாது. இப்போதைய பலகையில் ஒரு பாதியை ஒரே ஓர் இடம் தள்ளியதும் இரண்டு பாதிகளும் டக்கென்று விலகின. அளவுகள் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வேதியியல் படிக்கும் அண்ணன் மகளுக்காகத் தொடங்கிய வேலை இது. மரக்குண்டுகளும் குச்சிகளும் கொண்ட ஒரே பெட்டியில் மீத்தேன், தண்ணீர், வைரம், உப்பு, செம்பு எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்பது கணக்கு. முதல் மூன்றும் அழகாக வந்தன. உப்பிலும் செம்பிலும் குச்சி பொய் சொல்ல ஆரம்பித்தது. கடைசியில் அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் மூன்று பிணைப்புகளுக்கு (சகப்பிணைப்பு, அயனிப் பிணைப்பு, உலோகப் பிணைப்பு) மூன்று தனித்தனி மாதிரிகளாக முடிந்தது.

குண்டிலிருந்து தொடங்குகிறேன். கார்பனுக்கு 25 மி.மீ. விட்டமுள்ள மரக்குண்டு, ஹைட்ரஜனுக்கு 18 மி.மீ. குச்சி 4 மி.மீ. மூங்கில். அளவுகோல் 1 பிக்கோமீட்டருக்கு (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) 0.4 மி.மீ. என்று வைத்தேன். கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பு 154 பிக்கோமீட்டர். மையத்திலிருந்து மையத்துக்கு 61.6 மி.மீ. வரும். கார்பன்-ஹைட்ரஜன் 109, அது 43.6 மி.மீ. கார்பனில் துளை ஆழம் 8 மி.மீ., ஹைட்ரஜனில் 6. இதன்படி முதல் வகைக்கு 52.6 மி.மீ. குச்சியும் இரண்டாவது வகைக்கு 36 மி.மீ. குச்சியும் வேண்டும். குச்சியையும் துளையையும் ஒரே அளவில் வைத்தால் இறுக்கத்தில் குண்டு பிளந்துவிடுகிறது. முனையை உப்புத்தாளில் லேசாகச் சுழற்றித் தேய்த்த பிறகு பிரச்சினை இல்லை.

தலைவலி முழுக்கக் கோணத்தில்தான். கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்) நான்கு மூலைகளை நோக்கி நிற்கும். எந்த இரண்டுக்கும் நடுவே 109.5 டிகிரி. குண்டின் மேல் கோணமானியை வைத்துப் புள்ளி குறித்துத் துளைத்துப் பார்த்தேன். உருண்டைப் பரப்பில் டிரில் பிட் வழுக்கிக்கொண்டு போகிறது. புள்ளி சரியாக இருந்தாலும் துளை மையத்தை நோக்கிப் போகிறதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோணத்தைக் குண்டின் மேல் அளக்காமல், குண்டைப் பிடிக்கும் கட்டையில் வைத்துவிடுவதுதான் வழி.

அதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. 109.5 என்பது செங்கோணத்தைவிட 19.5 டிகிரி அதிகம். 19.5-இன் சைன் மதிப்பு மூன்றில் ஒன்று. ஆகவே கோணமானியே தேவையில்லை. மரக்கட்டையின் ஒரு முகத்தைச் சாய்த்து வெட்ட வேண்டும். சாய்ந்த முகத்தின் நீளம் 90 மி.மீ. என்றால் அதன் மேல் விளிம்பு 30 மி.மீ. பின்வாங்கி இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த முகத்துக்குச் செங்குத்தாக 4 மி.மீ. எஃகு முளை ஒன்றைப் பதித்தேன். உடைந்த டிரில் பிட்டின் தண்டுப் பகுதியே முளையாகிவிட்டது. மூங்கில் முளை வளைகிறது, பயன்படாது.

துளையிடும் வரிசை இது. முதல் துளைக்குக் குண்டை 20 மி.மீ. ஓட்டை போட்ட பலகையில் உட்கார வைத்து, நேர் மேலிருந்து 8 மி.மீ. இறக்க வேண்டும். பிறகு அந்தத் துளையைச் சாய்ந்த கட்டையின் முளையில் செருகி, குண்டின் மையம் பிட்டுக்கு நேர் கீழே வரும்படி கட்டையை கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டாவது துளை. முளையைச் சுற்றி 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று கோடுகள் வரைந்திருக்கிறேன். இரண்டாவது துளையில் ஒரு குச்சியைச் செருகி, அது அடுத்த கோட்டில் நிற்கும்வரை குண்டைத் திருப்பினால் மூன்றாவது துளைக்கு இடம் தயார். நான்காவதும் அப்படியே. குண்டின் அடியில் சிறு மர ஆப்பு ஒன்று வைக்காவிட்டால் டிரில்லின் அழுத்தம் முழுவதும் முளைமேல் விழுந்து, குண்டு சாய்ந்துவிடும். பிட் வழுக்குவதற்கு மருந்து, தொடும் இடத்தை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துச் சின்னதாகத் தட்டையாக்குவதுதான்.

சரிபார்க்கும் முறை சுலபம். மையத்திலிருந்து 60 மி.மீ. நீளும்படி நான்கு குச்சிகளைச் செருகி, நுனிக்கு நுனி வெர்னியர் காலிப்பரில் அளந்தால் ஆறு இடைவெளிகளும் 98 மி.மீ. காட்ட வேண்டும். எனக்கு 96-இலிருந்து 100 வரை வந்தது. 2 மி.மீ. பிசகினால் கோணத்தில் சுமார் 3 டிகிரி பிசகு. மீத்தேனுக்கு அது கண்ணில் படாது. வைரத்துக்குப் படும், அங்கே ஆறு கார்பன்கள் வளையமாக மூட வேண்டும், பிசகுகள் ஒன்றோடொன்று கூடிக் கடைசிக் குச்சி துளைக்கே வராது. அதனால் 1 மி.மீ.க்குள் வந்த குண்டுகளைத் தனியே பொறுக்கி வைரத்துக்கு ஒதுக்கினேன். பத்துக் கார்பன்கள், பன்னிரண்டு குச்சிகள் சேர்ந்தால் ஒரு கூண்டு. அதைக் கையில் வாங்கி அழுத்திப் பார்க்கும் யாருக்கும் வைரம் ஏன் கடினம் என்று சொல்லத் தேவையில்லை. எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஏதோ ஒரு குச்சி நேராக எதிர்த்து நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 1865-இல் லண்டனில் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் குரோக்கே விளையாட்டுப் பந்துகளில் குழாய்களைச் செருகி மூலக்கூறுகளைக் காட்டினார். கார்பனுக்குக் கருப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு என்று இன்றும் நாம் பூசும் நிறங்கள் அவர் பழக்கிவிட்டவை. ஆனால் அவருடைய மீத்தேன் தட்டையாக, கூட்டல் குறி போல இருந்தது. நான்முகி என்ற எண்ணம் 1874-இல்தான் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியாகச் சொல்லி வந்தது. தட்டையான மாதிரிக்குக் குண்டில் துளையிட இந்தச் சாய்வுக் கட்டையே வேண்டாம். அந்த வகையில் ஹாஃப்மனுக்கு வேலை மிச்சம்.

தண்ணீரின் கோணம் 104.5. செங்கோணத்துக்கு மேல் 14.5 டிகிரி, அதன் சைன் நான்கில் ஒன்று. ஆகவே இன்னொரு கட்டை: முகம் 100 மி.மீ., பின்வாங்கல் 25 மி.மீ. ஆக்சிஜனிடம் பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான் ஜோடிகள் இருக்கின்றன. அவை கூடுதல் இடம் பிடித்து இரண்டு ஹைட்ரஜன்களையும் நெருக்குவதால்தான் 109.5 இப்படிக் குறைகிறது. அந்த ஜோடிகளுக்குத் துளை போடவில்லை, சிவப்புக் குண்டின்மேல் இரண்டு வெள்ளைப் பொட்டு வைத்தேன். கிராஃபைட்டுக்கு 120 டிகிரி. 30-இன் சைன் இரண்டில் ஒன்று என்பதால் மூன்றாவது கட்டையும் எளிதாக வந்தது. இதில் குண்டை 180 டிகிரி திருப்பினால் போதும், மூன்று துளைகளும் ஒரே தளத்தில் அமையும்.

இரட்டைப் பிணைப்புக்குக் குச்சி ஒத்துவராது, வளைய வேண்டும். 15 மி.மீ. குச்சித் துண்டுகளைத் துளைகளில் நட்டு, அவற்றின்மேல் 4 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிக்கோன் குழாயை மாட்டினேன். எத்திலீனில் கார்பன்களின் தூரம் 134 பிக்கோமீட்டர். மையங்களுக்கு இடையே 53.6 மி.மீ. வரும்வரை குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினேன். இந்தத் துண்டுதான் பெட்டியிலேயே எனக்கு மிகப் பிடித்தது. இரண்டு கார்பன்களை ஒற்றைக் குச்சி இணைக்கும் ஈத்தேனை முறுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எத்திலீனை முறுக்கினால் குழாய்கள் விறைத்துக்கொண்டு திரும்ப இழுக்கின்றன. ஒரு குச்சிக்கும் இரண்டு குழாய்க்கும் உள்ள வித்தியாசம் கைக்கே தெரிகிறது. குறை ஒன்று உண்டு: உண்மையான எத்திலீனில் இரண்டு ஹைட்ரஜன்களுக்கு நடுவே சுமார் 117 டிகிரி, என் மாதிரியில் 109.5 தான். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இதுவரை குச்சிக்கு வேலை பொருந்தியது, காரணம் எளிது. சகப்பிணைப்பில் ஒரு ஜோடி எலக்ட்ரான்களை இரண்டு அணுக்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்குக்கு இந்த அணு, அந்த அணு என்ற கணக்கு உண்டு, திசையும் உண்டு. குச்சிக்கும் இரண்டு முனைகள், ஒரு திசை.

அடுத்து உப்பு. குண்டுக்கு ஆறு துளைகள், எல்லாம் 90 டிகிரி, துளைப்பது சுகம். சோடியமும் குளோரினும் மாறி மாறி, நல்ல கனச்சதுரம் வந்தது. அண்ணன் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சித்தப்பா, இதுல எந்த ரெண்டு சேந்தா ஒரு மூலக்கூறு?” என்றாள். எந்த இரண்டும் இல்லை. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். யாருக்கு யார் ஜோடி என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் குச்சியைப் பார்த்தால் கேட்கத்தான் தோன்றும். கேட்டவளுக்குத் துணையும் இருக்கிறது: உப்பின் அமைப்பை 1913-இல் பிராக் என்ற இயற்பியலாளர் எக்ஸ் கதிர் மூலம் கண்டுபிடித்துச் சொன்னார், ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் 1927-இல்கூட, சதுரங்கப் பலகை மாதிரி அடுக்கிவிட்டு மூலக்கூறே இல்லை என்பதா என்று நேச்சர் இதழில் சண்டைக்கு வந்தார்.

குச்சிகளைக் கழற்றிவிட்டு, குண்டுகளை ஒன்றையொன்று தொடும்படி அடுக்க முடிவு செய்தேன். சோடியம் அயனியின் (மின்னேற்றம் பெற்ற அணுதான் அயனி) ஆரம் 102 பிக்கோமீட்டர், குளோரைடு அயனியுடையது 181. எலக்ட்ரானைக் கொடுத்தது சுருங்கிவிடுகிறது, வாங்கியது உப்பிவிடுகிறது. குளோரைடுக்கு 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்து எடுத்தால் சோடியத்துக்கு 22.5 மி.மீ. வேண்டும், கிடைத்தது 22 மி.மீ. மரமணி. மையத் தூரம் 31 மி.மீ. உண்மையான தூரம் 282 பிக்கோமீட்டர். இதே அளவுகோலில் 31.2. ஒரு பலகையில் 36 மி.மீ. துளைகளும் 13 மி.மீ. துளைகளும் மாறி மாறி, 31 மி.மீ. இடைவெளியில் போட்டேன். அதில் உட்கார வைத்தால் பெரிய பந்துக்கும் சின்ன மணிக்கும் மையம் ஒரே உயரத்தில் நிற்கும். ஒட்டுவதற்கு எபாக்ஸி. சூட்டுப் பசைத் துப்பாக்கி வேண்டாம், பந்தின் தோல் மெல்லியது, குழிந்துவிடும். ஒட்டிய அடுக்கை அளந்தபோது பக்கத்துப் பந்துகள் ஒன்றையொன்று தொடாமல் 4 மி.மீ. அளவுக்கு விலகி நின்றன. முதலில் ஒட்டியதில் கோளாறோ என்று பார்த்தேன். இல்லை, உண்மை உப்பிலும் குளோரைடுகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. சோடியம்தான் நடுவில் நின்று தள்ளி வைக்கிறது.

பார்க்க நன்றாக இருந்தது, நடத்தை மட்டும் வரவில்லை. சுத்தியலால் தட்டினால் உப்புக் கல் நேரான முகத்தோடு பிளக்க வேண்டும். எபாக்ஸிக்கு அந்த ஞானம் இல்லை. காந்தத்துக்கு வந்தது அதனால்தான். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தின்றதும் இதுவே.

18 மி.மீ. தடிமனுள்ள, பட்டையான இரண்டு மரத்துண்டுகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் 20 மி.மீ. இடைவெளியில் ஆறு குழிகள்; குழிக்கு ஒன்றாக 10 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமனுள்ள நியோடிமியம் வில்லை. வடதுருவம், தென்துருவம் என்று மாறி மாறி வெளியே பார்க்க வேண்டும். எதிர்ப் பட்டையில் அதற்கு நேர்மாறாக. குழியின் அடி தட்டையாக இருக்க ஃபார்ஸ்ட்னர் பிட் அவசியம். ஆழம் 3.5 மி.மீ.; வில்லை அரை மில்லிமீட்டர் உள்ளே இருந்தால்தான் பட்டைகள் மோதும்போது ஓரம் சிதறாது. இந்தக் காந்தம் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாக உடையும். பசை காய்வதற்குள் அடுத்த குழியில் வில்லையை வைத்தால் முதல் வில்லை எழும்பி வந்து இதோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றுவிட்டு ஒன்று ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட்டு, பிறகு மீதியை ஒட்ட வேண்டியிருந்தது. துருவத்தை மார்க்கர் பேனாவால் குறிக்காமல் பசையைத் திறக்கவே கூடாது. தலைகீழாக ஒட்டியதைச் சூடாக்கிக் கழற்றலாம் என்று எண்ணுவோருக்கு: சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தமே தளர ஆரம்பிக்கும்.

இரண்டு பட்டைகளையும் ஒரு தட்டுக்குள் வைத்தால் கவ்விக்கொள்கின்றன. பிரிக்க நல்ல பலம் வேண்டும். ஒன்றைப் பக்கவாட்டில் 20 மி.மீ. தள்ளினால் வடக்குக்கு எதிரே வடக்கு, தெற்குக்கு எதிரே தெற்கு, ஐந்து ஜோடிகளும் ஒரே நேரத்தில் உதைக்கின்றன. உப்புக் கல்லை அடிக்கும்போது நடப்பதும் இதுதான்: ஓர் அடுக்கு ஒரே ஓர் இடம் நகர்ந்தால் நேர்மின் அயனிக்கு நேர்மின் அயனி எதிரே வந்துவிடும், கல் பிளந்துவிடும். கவ்வலின் பலமும் உடைதலும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கம் என்பதை எபாக்ஸிக் கனச்சதுரம் ஒருநாளும் சொல்லியிருக்காது.

செம்புக்கு எதிர்ச் சவால். ஓர் அடுக்கு நகர வேண்டும், ஆனால் எதுவும் உடையக் கூடாது. கம்பியாக இழுத்தாலும் தகடாக அடித்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உலோகத்தில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் பொதுவில் உலவுகின்றன. திசையும் கிடையாது, ஜோடியும் கிடையாது. குச்சியும் உதவாது, காந்தமும் உதவாது. 1947-இல் பிராக்கும் நையும் இதற்குச் சோப்புக் குமிழித் தெப்பத்தைப் பயன்படுத்தினார்கள். உப்பைக் கண்டுபிடித்த அதே பிராக்.

கருப்புப் பெயின்ட் அடித்த ஆழமில்லாத தட்டு, 1 லிட்டர் தண்ணீர், 40 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம், 60 மி.லி. கிளிசரின். கிளிசரின் குமிழியின் ஆயுளை நீட்டும். மீன்தொட்டி பம்பிலிருந்து குழாய். குழாயின் முனையில், கூர்முனையைத் தேய்த்து மழுக்கிய சிரிஞ்ச் ஊசி. முதலில் வந்த குமிழிகள் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகவில்லை. பம்ப் துடித்துத் துடித்துக் காற்று தள்ளுகிறது, துடிப்புக்கு ஏற்ப அளவு மாறுகிறது. பம்புக்கும் ஊசிக்கும் நடுவே மூடியில் இரண்டு துளையிட்ட ஒரு காலி பாட்டிலைப் பொருத்தினேன். துடிப்பை அது விழுங்கிவிட்டது. பிறகு காற்றின் அளவைக் குறைக்கும் வால்வு ஒன்று. ஊசி முனை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் அளவை மாற்றும். கையில் பிடித்தால் நடுக்கமே போதும், எல்லாம் கெட்டுவிடும். தாங்கியில் பூட்டி, 5 மி.மீ. ஆழத்தில் நிறுத்தினேன். வரிசையில் இருபது குமிழிகளை எண்ணி நீளத்தை வகுத்ததில் ஒன்றின் விட்டம் 2 மி.மீ.

தட்டு நிரம்ப நிரம்ப அவையே அணிவகுத்துக்கொள்கின்றன. ஒன்றைச் சுற்றி ஆறு. செம்பின் நெருங்கிய அடுக்கிலும் ஆறுதான். மேல் அடுக்கில் மூன்று, கீழ் அடுக்கில் மூன்று சேர்ந்து பன்னிரண்டாகும். இரண்டு கண்ணாடிப் பட்டைகளால் தெப்பத்தை மெல்லப் பக்கவாட்டில் தள்ளியபோது வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் நகரவில்லை. ஒரு சின்னப் பிசிறு, வரிசை ஒன்று பாதியில் நின்றுபோன இடம், சரசரவென்று தெப்பத்தின் குறுக்கே ஓடியது. அது ஓடி முடிந்ததும் மேல்பாதி ஓர் இடம் தள்ளி நின்றது, நகர்ந்ததற்கு வேறு தடயமே இல்லை. புதிய பக்கத்துக் குமிழி பழையதைப் போலவேதான். பெரிய குமிழி ஒன்றை வேண்டுமென்றே நடுவில் விட்டால் சுற்றியுள்ள வரிசைகள் வளைகின்றன, பிசிறு அங்கே வந்து மாட்டிக்கொள்கிறது. கலப்பு உலோகம் கடினமாவதன் ஒரு காரணம் இது. இதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒத்துக்கொள்வதில் கூச்சமில்லை.

இந்த மாதிரி எதைக் காட்டாது என்பதும் பதிவாக வேண்டும். குமிழிகளை இழுத்துப் பிடிப்பது பரப்பு இழுவிசை, எலக்ட்ரான் இல்லை. மின்கடத்துத்திறனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒற்றை அடுக்கு மட்டுமே.

மறுபடி செய்தால் காந்தக் குழிகளை மரத்தில் போடமாட்டேன், அக்ரிலிக்கில் போடுவேன்; மரம் ஈரத்தில் உப்பி இரண்டு வில்லைகளைக் கிளப்பிவிட்டது. ஹைட்ரஜனுக்கு 18 மி.மீ. குண்டு பெரிது, 15 போதும். கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையே 335 பிக்கோமீட்டர், அதாவது 134 மி.மீ.; அதை நூலில் தொங்கவிட்டிருக்கிறேன், காற்றடித்தால் ஆடுகிறது. அடுக்குகள் எவ்வளவு தளர்வாகப் பிடித்திருக்கின்றன என்பதற்கு அந்த ஆட்டமே பொருத்தம் என்பதால் மாற்றப் போவதில்லை.

அடுத்து பனிக்கட்டி. அதில் ஆக்சிஜனுக்கும் பக்கத்து ஆக்சிஜனுக்கும் 276 பிக்கோமீட்டர், என் அளவுகோலில் 110 மி.மீ. அதில் சுமார் 40 மி.மீ. வரை சகப்பிணைப்பு, வழக்கமான குச்சி; மீதி 70 மி.மீ. ஹைட்ரஜன் பிணைப்பு (பக்கத்து மூலக்கூறை இழுக்கும் வலுக்குறைந்த பிடிப்பு), அதற்கு 2 மி.மீ. மெல்லிய குச்சி. சிவப்புக் குண்டுகளை நான்கில் ஒன்று கட்டையில் துளைத்துவிடக் கூடாது. பனிக்கட்டியில் ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன்கள் கிட்டத்தட்டச் சரியான நான்முகியாகவே நிற்கின்றன. மூன்றில் ஒன்று கட்டையைத்தான் மறுபடி வெளியே எடுக்க வேண்டும்.